பேஸ்பாலில் மழை வந்தால் ஆட்டம் யாருக்கு?

கேள்வி இதுதான்: ஆறாவது இன்னிங் நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு அம்பயர் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். அப்போது முன்னிலையில் இருந்த உள்ளூர் அணிக்கே வெற்றி. ஒன்பது இன்னிங் ஆட வேண்டிய ஆட்டத்தில் இது எப்படி நியாயம்? கிரிக்கெட்டில் டக்வொர்த்-லூயிஸ் இருப்பது போல இங்கே ஏதாவது கணக்கு உண்டா? மழை ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கணக்கு எதுவும் கிடையாது. அது ஏன் தேவைப்படவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கிரிக்கெட்டில் ஒரு அணி தன் ஓவர்கள் முழுவதையும் ஆடி முடித்த பிறகுதான் அடுத்த அணி மட்டையைப் பிடிக்கிறது. நடுவில் மழை வந்தால் நஷ்டம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டது. மழை நின்றதும் ஒரு பந்தில் 22 ரன் என்று ஸ்கோர்போர்டு காட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதைச் சரிசெய்யத்தான் பிறகு அவ்வளவு கணிதம் வந்தது. பேஸ்பாலில் இரண்டு அணிகளும் மாறி மாறி ஆடுகின்றன. வெளியூர் அணி மூன்று அவுட் ஆகும்வரை, அப்புறம் உள்ளூர் அணி மூன்று அவுட் ஆகும்வரை. இரண்டும் சேர்ந்தால் ஒரு இன்னிங். எந்த இன்னிங்கின் முடிவில் நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் செலவழித்த அவுட்கள் சமம். ஆகவே இருக்கிற ரன்னை அப்படியே ஒப்பிடலாம். மிச்சம் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு ஆடினால் அதை ஓர் ஆட்டம் என்று ஒப்புக்கொள்ளலாம்?

விதிப்புத்தகம் அந்தக் கோட்டை ஐந்து இன்னிங்கில் போட்டிருக்கிறது. ஒன்பதில் ஐந்து என்பது பாதிக்குச் சற்று மேல், அணிக்கு 27 அவுட்டில் 15. ஐந்து இன்னிங் முடிந்த ஆட்டம் முழு ஆட்டத்துக்குச் சமம். அதற்குப் பிறகு மழையால் நின்றால், முன்னிலையில் இருப்பவர் வென்றவர். இதில் ஒரு சின்ன விலக்கு உண்டு. உள்ளூர் அணி எப்போதும் இரண்டாவதாகத்தான் ஆடும். வெளியூர் அணி ஐந்தாவது இன்னிங்கில் தன் பங்கை ஆடி முடித்த பிறகும் உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால், நாலரை இன்னிங்கே போதும். உள்ளூர் அணி இன்னும் மூன்று அவுட் கைவசம் வைத்துக்கொண்டே முந்தி நிற்கிறது. அது மறுபடி ஆடி என்ன நிரூபிக்க வேண்டும்? ஒன்பதாவது இன்னிங்கிலும் இதே வழக்கம்தான். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் கடைசிப் பாதியை ஆடவே மாட்டார்கள்.

இந்தக் கோடு இருப்பதால் மழைமேகம் கண்ணுக்குத் தெரிந்த நாலாவது, ஐந்தாவது இன்னிங்குகள் தனி ஆட்டம் போலவே நடக்கும். முன்னிலையில் இருக்கும் அணிக்கு எப்படியாவது ஐந்தைத் தாண்டிவிட வேண்டும். பிட்சர் பந்தை வாங்கிய கையோடு வீசுவார். அந்த அணியின் பேட்டர்கள் வருகிற பந்துக்கெல்லாம் மட்டையை வீசிவிட்டு உட்காரப் போவார்கள். பின்தங்கிய அணிக்கு நேர்மாறான ஆசை. பேட்டருக்குப் பின்னால் குனிந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் இரண்டு முறை எழுந்து பிட்சரிடம் போவார், பயிற்சியாளர் நடந்து வருவார், பேட்டர் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார். இது அளவு மீறினால், வேண்டுமென்றே ஆட்டத்தை நீட்டவோ குறுக்கவோ செய்யும் அணியிடமிருந்து ஆட்டத்தையே பறித்து எதிரணிக்குக் கொடுக்க அம்பயருக்கு அதிகாரம் உண்டு. எதிரிக்கு ஆட்டம் போகிற அந்தத் தண்டனைக்கு ஃபோர்ஃபீட் என்று பெயர். இன்று அதை யாரும் எளிதில் எடுப்பதில்லை, ஆனால் புத்தகத்தில் இருக்கிறது.

ஆட்டத்தை நிறுத்துவது யார் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், மைதானம் ஆடத்தக்கதா என்று முடிவு செய்வது உள்ளூர் அணி. இரு மேலாளர்களும் வீரர் பட்டியலை அம்பயரிடம் கொடுத்த நொடியிலிருந்து அந்த அதிகாரம் அம்பயருக்குப் போய்விடுகிறது. அவர் ஆட்டத்தை இடைநிறுத்தினால் குறைந்தது 30 நிமிடம் காத்திருந்த பிறகுதான் முழுதாகக் கைவிட முடியும். அதற்கு மேல், ஆட வாய்ப்பு இருப்பதாக அவர் நினைக்கும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். கேள்வியில் சொன்ன ஒன்றரை மணி நேரம் இப்படி வந்ததுதான். இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடும் லீக்கில் இன்னொரு நாளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. வெளியூர் அணி மறுபடி அந்த ஊருக்கு வராமலே போகலாம். காத்திருப்பதுதான் எல்லோருக்கும் மலிவு.

காத்திருக்கும்போது மைதானத்தில் நடப்பதைப் பார்ப்பதே ஓர் அனுபவம். முதல் தூறல் விழுந்ததுமே ஓரத்தில் பெரிய உருளையில் சுற்றி வைத்த தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள். அம்பயர் கையசைத்ததும் ஒரு கூட்டமே அந்த உருளையைத் தள்ளிக்கொண்டு ஓடும். ஒரு பக்கம் 170 அடி அளவுள்ள தார்ப்பாய், ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய பேஸ்களைச் சுற்றிய செம்மண் முழுவதையும் மூட வேண்டும். காற்று அடியில் புகுந்தால் ஆளையே தூக்கிவிடும் என்பதால் ஓரங்களில் படுத்துக்கூடப் பிடித்துக்கொள்வார்கள். புல் நனையலாம், பரவாயில்லை. அந்த மண் சேறாகிவிட்டால் அன்றைய ஆட்டம் போயிற்று. செயின்ட் லூயிஸில் ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்ய மோட்டார் உருளை வைத்திருந்தார்கள். 1985 அக்டோபரில், அந்த சீசனில் 110 பேஸ் திருடிய (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்த) உள்ளூர் அணிப் புதுமுகம் வின்ஸ் கோல்மனின் காலில் அது ஏறிவிட்டது. அந்த ஆண்டின் மிச்ச ஆட்டங்கள் எதிலும் அவர் ஆடவில்லை. அவருடைய கார்டினல்ஸ் அணி, கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரிலும் தோற்றது.

தார்ப்பாயைப் போடாமல் விட்டதால் ஆட்டத்தையே இழந்த அணியும் உண்டு. 1941 ஆகஸ்டில் வாஷிங்டன் அணி பாஸ்டனுக்கு எதிராக எட்டாவது இன்னிங்கில் 6-3 என்று முன்னிலையில் இருந்தபோது மழை வந்தது. வேலையாட்கள் மைதானத்தை மூடவில்லை, ஆட்டம் கைவிடப்பட்டது. பாஸ்டன் முறையிட்டது. அமெரிக்கன் லீக் தலைவர் அதை ஏற்று ஆட்டத்தை பாஸ்டனுக்கே கொடுத்துவிட்டார். மைதானத்தைத் தயார் செய்யச் சொல்லி அம்பயர் இட்ட கட்டளை நிறைவேறாவிட்டால் ஆட்டம் வெளியூர் அணிக்குப் போகும் என்ற விதி இன்றும் இருக்கிறது. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்துகொண்டு தார்ப்பாயைத் தூங்கவிட முடியாது.

சரி, மழை ஒரு மணி நேரம் முன்னால், ஐந்தைத் தொடுவதற்குள் வந்திருந்தால்? இங்கேதான் விதி பெரிதாக மாறியிருக்கிறது, இணையத்தில் பழைய பதில்கள் பலவும் இங்கேதான் தவறிப்போகின்றன. நூறு ஆண்டுக்கும் மேலாக இதற்கு விடை மிகக் கொடூரமானது: அப்படி ஓர் ஆட்டமே நடக்கவில்லை. ரன், ஹிட் (பேட்டர் அடித்துப் பேஸை எட்டுவது), ஹோம் ரன் (பேஸ்கள் எல்லாவற்றையும் சுற்றி வரவைக்கும் அடி) எல்லாம் அழிக்கப்படும். இன்னொரு நாள் முதல் பந்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் இழந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. 1961இல் நியூயார்க் யாங்கீஸின் ரோஜர் மாரிஸும் மிக்கி மேன்டிலும் பேப் ரூத்தின் 60 ஹோம் ரன் சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஜூலை 17 அன்று பால்டிமோரில் ஒரே நாளில் நடந்த இரட்டை ஆட்டத்தின் இரண்டாவதில் இருவருமே ஆளுக்கொரு ஹோம் ரன் அடித்தார்கள். ஐந்து இன்னிங் முடிவதற்குள் மழை வந்து இரண்டையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மாரிஸ் அந்த ஆண்டை 61உடன் முடித்தார், அதுவும் கடைசி ஆட்டத்தில். அன்றைய மழை இல்லாவிட்டால் அது 62. சாதனைக்காக அந்த மனிதர் அந்தச் செப்டம்பரில் பட்ட மன அழுத்தத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு ஹோம் ரன்னின் எடை என்ன என்று.

சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் 1988 ஆகஸ்ட் 8 இன்னொரு உதாரணம். மற்ற மைதானங்களெல்லாம் எப்போதோ விளக்கு போட்டுவிட்டன, ரிக்லியில் மட்டும் அதுவரை பகல் ஆட்டம்தான். முதல் இரவு ஆட்டத்துக்கு ஊரே கூடியிருந்தது. பிலடெல்பியாவின் முதல் பேட்டர் பில் பிராட்லி ஹோம் ரன் அடித்தார். உள்ளூர் அணியான கப்ஸ் 3-1 என்று முந்தியது. மூன்றரை இன்னிங்கில் மழை கொட்டியது. கப்ஸ் வீரர்கள் சிலர் நனைந்த தார்ப்பாய்மேல் சறுக்கி விளையாடி, காத்திருந்த கூட்டத்தை மகிழ்வித்தார்கள். கடைசியில் எல்லாம் ரத்து. அதிகாரப்பூர்வ முதல் இரவு ஆட்டம் மறுநாள், மெட்ஸ் அணியோடு. விளக்கொளியில் அங்கே முதலில் ஹோம் ரன் அடித்த பிராட்லியின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

2020இல், கோவிட் காலத்தில் அட்டவணை நெருக்கடி வந்தபோது, அமெரிக்காவின் முதன்மை லீக்கான மேஜர் லீக் இதை மாற்றியது. ஐந்தைத் தொடாமல் நின்ற ஆட்டம் இப்போது அழிவதில்லை, இடைநிறுத்தப்பட்ட ஆட்டமாகிறது. எந்த இன்னிங், எத்தனை அவுட், பேஸ்களில் யார், பேட்டரின் பந்துக் கணக்கு என்ன என்பதெல்லாம் அப்படியே இருக்க, இன்னொரு நாள் அதே புள்ளியிலிருந்து தொடரும். நெருக்கடியால் வந்த மாற்றம்தான். ஆனால் மேஜர் லீக் விதிகளில் இதைவிட நல்ல மாற்றம் எதையும் நான் பார்த்ததில்லை. நடந்தது நடந்ததாகவே இருக்கிறது. பள்ளி, கல்லூரி, ஊர் லீக்குகளில் பழைய முறை இன்னும் இருக்கலாம். அந்தந்த லீக்கின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஐந்தைத் தாண்டிய பிறகு சமநிலையில் மழை வந்தால்? முன்பு அந்த ஆட்டத்தில் அடித்ததெல்லாம் வீரர்களின் கணக்கில் சேரும், ஆட்டத்தை மட்டும் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடுவார்கள். 2007 முதல் அதுவும் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது.

இன்னொரு சிக்கல் இன்னிங்கின் நடுவில் வருவது. ஐந்து இன்னிங் முடிவில் உள்ளூர் அணி 3-2 முன்னிலை என்று வைத்துக்கொள்வோம். ஆறாவதில் வெளியூர் அணி இரண்டு ரன் எடுத்து 4-3 ஆக்குகிறது. உள்ளூர் அணி பதிலுக்கு ஆடுவதற்குள் மழை. இப்போது யாருக்கு வெற்றி? ஒரு காலத்தில் முடிந்த கடைசி இன்னிங்குக்குத் திரும்பிப் போவார்கள். 3-2, உள்ளூர் அணிக்கு வெற்றி. கஷ்டப்பட்டு எடுத்த இரண்டு ரன் காற்றில் போகும். இப்போதைய விதி, வெளியூர் அணி அந்த இன்னிங்கில் முன்னிலை எடுத்து, உள்ளூர் அணி அதைத் திரும்பப் பிடிக்காத நிலையில் ஆட்டம் நின்றால் அது இடைநிறுத்தம்தான், பிறகு தொடரும் என்கிறது. அந்த வெளியூர் அணிக்கும் நியாயம், பதில் வாய்ப்புக்குக் காத்திருக்கும் உள்ளூர் அணிக்கும் நியாயம்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது, கேள்வி கேட்டவரின் மனக்குறையும் அதுதான் என்று நினைக்கிறேன். அதே ஆறாவதில் வெளியூர் அணி ரன் எதுவும் எடுக்கவில்லை, ஆனால் மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்கூட இல்லை. அப்போது மழை வந்து ஆட்டம் கைவிடப்பட்டால் 3-2 என்று உள்ளூர் அணிக்கே வெற்றி. பேஸில் நின்ற மூன்று பேருக்கும் மதிப்பே இல்லை. ஜப்பானில் கோஷியன் மைதானத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளிகளின் கோடைப் போட்டியில் 2021 ஆகஸ்டில் இப்படித்தான் ஆனது. டோக்காய் சுகாவோ பள்ளி எட்டாவது இன்னிங்கில் 4-7 என்று பின்தங்கியிருந்தது. ஒரு அவுட், இரண்டு பேஸில் ஆள். மைதானம் குளமாகிவிட்டது, ஆட்டம் முடிந்தது, ஒசாகா டோயின் வென்றது. ஒரு தோல்வியோடு ஊர் திரும்ப வேண்டிய போட்டி அது. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அடுத்த கோடை என்பதே கிடையாது. மறு ஆண்டு, 2022இல், அங்கேயும் விட்ட இடத்திலிருந்து தொடரும் முறை வந்துவிட்டது. அமெரிக்காவின் வழக்கமான சீசனில் இந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. 162இல் ஒன்றுதானே என்பது அவர்கள் சமாதானம்.

162இல் ஒன்று என்று சொல்ல முடியாத ஆட்டங்களும் உண்டு. 2008 அக்டோபர் 27, பிலடெல்பியா. உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். பிலடெல்பியா தொடரில் 3-1 முன்னிலை, இன்னும் ஒன்று வென்றால் கோப்பை. ஐந்து இன்னிங் முடிவில் டாம்பா பேயை 2-1 என்று முந்தியும் இருந்தது. குளிர்மழை விடாமல் பெய்தது. பேஸ்களுக்கு நடுவே தண்ணீர் மின்னியது, உயரே எழும்பிய பந்தை மழைக்குள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அந்த நிமிடத்தில் மழையால் ஆட்டத்தைக் கைவிட்டால் பிலடெல்பியா உலகச் சாம்பியன். வீரர்கள் தார்ப்பாய் போட்ட மைதானத்தில் கோப்பையைத் தூக்கியிருக்க வேண்டும்.

மேஜர் லீக்கின் ஆணையர் பட் செலிக் அதற்கு இடம் தரப்போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார். உலகத் தொடர் ஆட்டம் ஒன்பது இன்னிங்தான் என்று இரு அணிகளிடமும் சொல்லியிருந்தார், கூட்டத்துக்கு மட்டும் தெரியாது. ஆறாவதில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு டாம்பா பேயின் பி. ஜே. அப்டன் பேஸை எட்டினார், சேற்றில் சறுக்கி இரண்டாவது பேஸைத் திருடினார், கார்லோஸ் பென்யா அடித்த பந்தில் ஓடி வந்து ஸ்கோரை 2-2 ஆக்கினார். அந்தப் பாதி முடிந்ததும் ஆட்டம் நின்றது. மறுநாளும் மழை. 29ஆம் தேதி இரவு, ஆறாவது இன்னிங்கின் இரண்டாம் பாதியிலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. உலகத் தொடர் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அன்றைய பிட்சர் கோல் ஹேமல்ஸ் ஆறு இன்னிங் நன்றாக வீசியிருந்தார். இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு அவரைத் தொடர வைக்க முடியாது, அவருக்குப் பதிலாக ஜெஃப் ஜென்கின்ஸ் மட்டையோடு வந்து இரண்டாவது பேஸ்வரை ஓடும்படி அடித்தார். பிலடெல்பியா 4-3 என்று வென்றது, கோப்பையும் கிடைத்தது. அடுத்த ஆண்டே விதி எழுத்தில் ஏறியது: வழக்கமான சீசனுக்குப் பிறகு நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டம் எதுவும் மழையால் சுருங்காது, எத்தனை நாள் ஆனாலும் முழுதாக ஆடியே தீர வேண்டும். தென்கொரியாவிலும் 2024 கொரியத் தொடரின் முதல் ஆட்டம் ஆறாவது இன்னிங்கில் சாம்சங் அணி 1-0 முன்னிலையில் இருந்தபோது மழையால் நின்றது. இரண்டு நாள் கழித்துத் தொடர்ந்தபோது எதிரணியான கியா 5-1 என்று ஜெயித்தது.

சுருங்கிய ஆட்டத்தில் சாதனைக் கணக்கு எப்படி என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்க பிட்சர் வெற்றியைத் தன் பேரில் எழுதிக்கொள்ள ஐந்து இன்னிங் வீச வேண்டும். ஆட்டமே ஐந்தில் முடிந்தால் நாலு போதும். ஹிட் எதுவும் தராமல் முடித்தால் மட்டும் சிக்கல். 1990இல் மெலிடோ பெரெஸ் யாங்கீஸுக்கு எதிராக மழையால் சுருங்கிய ஆறு இன்னிங்கில் ஒரு ஹிட்டும் தரவில்லை. மறு ஆண்டு ஒன்பது இன்னிங்குக்குக் குறைந்த எதுவும் ‘நோ-ஹிட்டர்’ ஆகாது என்று தீர்மானித்து, அவருடையதையும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கடைசி மூன்று இன்னிங்தான் அந்தச் சாதனையின் கஷ்டமே.

இடைநிறுத்திய ஆட்டம் பல வாரம் கழித்துத் தொடரும்போது பழைய வீரர்களே ஆட வேண்டுமா? ஏற்கெனவே வெளியேறியவர் திரும்ப முடியாது. ஆனால் ஆட்டம் நின்ற நாளில் அணியிலேயே இல்லாதவர் மாற்று வீரராக வரலாம். கணக்கு மட்டும் பழைய தேதியில்தான் சேரும். 2018 மே 15 அன்று வாஷிங்டனில் யாங்கீஸோடு நடந்த ஆட்டம் 3-3இல் மழையால் நின்றது. ஹுவான் சோட்டோ என்ற 19 வயதுப் பையன் மேஜர் லீக்கில் முதன்முதலில் களமிறங்கியது மே 20. அந்த ஆட்டம் ஜூன் 18 அன்று தொடர்ந்தபோது மாற்று பேட்டராக வந்து இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார், வாஷிங்டன் 5-3 என்று வென்றது. ஏட்டில் அந்த ஹோம் ரன் மே 15இல் இருக்கிறது, அவர் மேஜர் லீக்குக்கே வராத நாளில்.

இதையும் மிஞ்சியது 2024. ஜூன் 26 அன்று பாஸ்டனின் ஃபென்வே மைதானம், டொரோன்டோ ஆடுகிறது. இரண்டாவது இன்னிங்கில் கேட்சர் டேனி ஜான்சன் மட்டையோடு நிற்கிறார். ஒரு பந்து முடிந்தது, ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்), மழை. பழைய விதியாக இருந்தால் அதுவரை ஆடியதெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். புது விதிப்படி ஆகஸ்ட் 26 அன்று அதே ஒரு ஸ்ட்ரைக்கிலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. நடுவில், ஜூலையில், டொரோன்டோ ஜான்சனை பாஸ்டனுக்கே கைமாற்றியிருந்தது. ஆகவே டொரோன்டோவின் டால்டன் வார்ஷோ மாற்று பேட்டராக வந்து ஜான்சன் விட்ட இடத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் பாஸ்டன் உடையில் கேட்சராகக் குனிந்து உட்கார்ந்திருந்தவர் ஜான்சன். மேஜர் லீக்கில் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் ஆள். வார்ஷோ ஸ்ட்ரைக்-அவுட் ஆனார், டொரோன்டோ 4-1 என்று வென்றது, அந்த ஆட்டத்தின் ஸ்கோர் தாளில் ஜான்சன் பெயர் இரண்டு பக்கமும் இருக்கிறது.